பதினான்காவது கடைக்கு அடியில் ஓடை

அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாநகராட்சியின் மழைநீர்ப் பிரிவில் அவள் பொறியாளர். கடைத்தெருவுக்கு அடியில் பல வருடமாகக் கான்கிரீட் மூடிக்கிடக்கும் ஓடையைத் திறந்துவிடலாமா, வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தர வேண்டும்.

திறந்தால், ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீரில் நிற்கும் பள்ளத்தெரு பிழைக்கும். அங்கே நூற்றுச் சொச்சம் வீடுகள். ஆனால் மூடிக்கு மேலே இருக்கும் இருபத்து மூன்று கடைகள் போகும். பதினான்காவது கடை அவளுடைய அக்காவின் தையல் கடை.

நன்மைகளை மளமளவென்று ஒரு பக்கம் எழுதிவிட்டாள். தீமைகள் என்று தலைப்புப் போட்டதும் பேனா நகரவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"என்னம்மா, நாற்காலியில முள்ளு ஏதும் இருக்கா?" என்றார் மேலதிகாரி.

புதன்கிழமை காலை ஓடைக்குள்ளேயே இறங்கினாள். மூடி இற்றுப்போயிருந்தால், எப்படியும் இடிக்க வேண்டியதுதான் என்று எழுதிவிடலாம். அக்காவும் அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த நப்பாசைதான். துணைக்கு வந்த மேஸ்திரி, தலைக்கு மேலே சுத்தியலால் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஒவ்வொரு தட்டுக்கும் கணீரென்று சத்தம் வந்தது.

"கல்லு மாதிரி இருக்கும்மா. இன்னும் நாப்பது வருஷம் அசையாது."

பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். நடைபாதைக் கம்பிவலை வழியே தையல் மெஷின் சத்தம் இறங்கியது. கூடவே அக்காவின் குரல். "நாளைக்குச் சாயந்தரம் வாங்க, தச்சு வச்சிடறேன்."

அன்று மாலை அக்காவைப் பார்க்கப் போனாள்.

"பிளான்ல ஓடைக்குப் போடற கோட்டை ரெண்டு மீட்டர் தள்ளிப் போட முடியாதாடி?" என்றாள் அக்கா, தைப்பதை நிறுத்தாமல்.

"தள்ளினா ஓடை வளையும். வளையற இடத்துல தண்ணி முட்டிக்கிட்டு, திரும்பப் பள்ளத்தெருவுக்குத்தான் ஏறும்."

"அப்ப முடிவு பண்ணிட்டே."

"இன்னும் எழுதலக்கா."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

அவளால் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை எழுதினாள். மூடி உறுதியாகவே இருக்கிறது என்று எழுதினாள். திறந்தால் முதல் கோடையில் நாற்றமும் கொசுவும் இருக்கும் என்றும், இடம் மாறும் கடைகளின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திரும்ப வர மாட்டார்கள் என்றும் எழுதினாள். பதினான்காவது கடை என் உடன்பிறந்தவளுடையது என்பதையும் சேர்த்தாள். கடைசியில், திறக்கலாம், ஆனால் அதே தெருவில் மாற்று இடம் கொடுத்த பிறகே இடிக்க வேண்டும் என்று முடித்தாள்.

"அக்கா கடைன்னு எதுக்கு எழுதறே? நீயாப் போய்த் தலையைக் கொடுக்கறியே," என்றார் மேலதிகாரி.

"இருக்கட்டும் சார்."

ஒன்பது மாதத்தில் ஓடை திறந்தது. மாற்று இடம் கொடுத்துவிட்டுத்தான் இடித்தார்கள். அதே தெருவில் என்ற இரண்டு சொற்கள் மட்டும் மேஜைக்கு மேஜை போனதில் எங்கோ உதிர்ந்திருந்தன. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரண்டாவது மாடி. அக்கா அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். கோடையில் ஓடை நாறியது. வெளியே போகும்போதெல்லாம் அவள் ஓடைமேல் போட்டிருந்த புதுப் பாலத்தைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனாள்.

முதல் பெருமழையன்று குடையை மறந்துவிட்டு, அளவுகோலோடு பள்ளத்தெருவில் வீடு வீடாக நடந்தாள். அங்கிருந்து நேராக, சொட்டச் சொட்ட இரண்டு மாடி ஏறினாள். கடையில் அக்கா மட்டும்தான் இருந்தாள். மெஷின் ஓடவில்லை.

"துணி மேல சாயாதே, ஈரம்," என்றாள் அக்கா. ஏழு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. பிறகு, "பள்ளத்தெருவுல தண்ணி நின்னுச்சா?"

"கணுக்கால் அளவு. ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிருச்சு."

"அப்ப நீ எழுதினது சரிதான்."

"தண்ணி விஷயத்துல சரி. உன் விஷயத்துல தெரியலக்கா."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "முட்டிவலிக்காரங்க யாரும் மாடி ஏறி வர்றதில்ல. கீழ்த்தளத்துல இடம் வேணும்னு மனு கொடுக்கணும். இருபத்து மூணு பேரும் கையெழுத்துப் போடறோம்." அளவெடுக்கும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள். "நீயே எழுது. உனக்குத்தான் எழுத வருதே."

அவள் கையைப் புடவையில் துடைத்தாள். புடவையும் ஈரமாகத்தான் இருந்தது. நின்றபடியே எழுதத் தொடங்கினாள்.