கொழும்பா, சிங்கப்பூரா

திலக் நகரில் சம்பந்தி அபுதாஹிர் வீட்டில் பிரியாணி முடிந்து ஃபலூடா வந்தது. கூடவே கரீம் பாட்சா பயந்துகொண்டிருந்த பேச்சும் வந்தது. மகள் பரீஹாவுக்கும் அபுதாஹிரின் மகன் தௌசீப்புக்கும் நடக்கப்போகும் நிக்காஹ் முடிந்த கையோடு இரண்டு குடும்பமும் சேர்ந்து வெளிநாடு போய்வருவதென்று ஏற்பாடு. எங்கே என்பதுதான் பாக்கி.

"நாங்க பாஸ்போர்ட் எடுத்ததோட சரி. ரெண்டு நாடு பாத்தவர் நீங்கதான். நீங்களே சொல்லுங்க சம்பந்தி, கொழும்பா, சிங்கப்பூரா?" என்றார் அபுதாஹிர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ரிட்டையர் ஆனவர். நாலு பேரிடம் விசாரிக்காமல் காலை எடுத்து வைக்கமாட்டார்.

"கொழும்புதான்," என்றார் கரீம் பாட்சா, பட்டென்று. "கடக்கரையில நின்னு எறா வடை தின்னுக்கிட்டே காத்து வாங்கலாம். எவன்கிட்டயும் தமிழ்லயே வெலைக்கு மல்லுக்கட்டலாம். மனுசன் மனுசனாப் பேசுதான்."

"வாப்பா, சும்மா இருங்க," என்று பரீஹா சிரித்தாள். இரண்டு பயணமும் அவள் சம்பளத்தில் பெற்றோரைக் கூட்டிப்போனவை. "அங்க ஹோட்டல்ல கரண்ட் போயி ராத்திரி பூரா விசிறிக்கிட்டு கெடந்தோம். சிங்கப்பூர் ஏக்தம் கிளீன் மாமா."

"கிளீன்தான். எங்க துப்புறதுன்னே தெரியல. லிட்டில் இந்தியாவுக்குப் போனா நம்ம மாட்டுங்கா மார்க்கெட்டுல உள்ள அதே முருங்கைக்கா, அதே மல்லியப்பூ. அதப் பாக்கவா ஏரோப்ளேன் ஏறணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அவர் மனசு ஒப்பிட்டுக்கொண்டிருந்தது இரண்டு நாட்டை அல்ல, இரண்டு ஏர்போர்ட்டை. கொழும்பில் ஆபீஸர் முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார், போகச் சொன்னார். சிங்கப்பூரில் கட்டைவிரலை மெஷினில் வைக்கச் சொன்னார்கள்.

தாராவிப் பட்டறையில் சின்ன வயசிலிருந்து தோல் பெல்ட்டின் ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் பசை பூசி, தின்னரில் கை கழுவி, கழுவி, விரலில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷினும் அவர் விரலைப் பிடிக்காது. அங்கே அதற்கு எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. தலைமுடி எண்ணெயில் விரலைத் தேய்த்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். சிங்கப்பூரிலும் அதையே செய்தார். தலையில் தேய்த்தார், பிடிக்கவில்லை. மூக்கோரத்தில் தேய்த்தார். ஆபீஸர் எழுந்து நின்றுவிட்டார்.

உள்ளே ஒரு அறை. விரலில் எதைப் பூசினாய், ஏன் பூசினாய் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவருக்கு வந்த இங்கிலீஷ் 'லெதர், லெதர்' என்பது மட்டும். விளக்கின் கீழே விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் விட்டுவிட்டார்கள். முன்னமே சோதனை முடிந்து வெளியே போயிருந்த மனைவி சாயிரா அழுதுகொண்டு நின்றாள். "இவ்வளவு நேரம் டாய்லெட்லயா இருந்தீங்க?" என்று பரீஹா கத்தினாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

"அப்ப பிள்ளைங்க ஆசைப்படி சிங்கப்பூர்னு முடிச்சிருவோம்," என்றார் அபுதாஹிர்.

"நீங்கள்லாம் போயிட்டு வாங்க. எனக்குப் பட்டறையில ஆர்டர் இருக்கு."

"எந்த ஆர்டர்?" என்றாள் சாயிரா. "பெல்ட்டு தேங்கிக் கெடக்குன்னு நேத்துதான பொலம்புனீங்க?"

அபுதாஹிரின் முகம் சுருங்கியது. "எங்களோட வர்றதுல ஏதும் சங்கடமா சம்பந்தி?"

அப்படியொரு நினைப்பு மகளின் கல்யாணத்தில் விழக்கூடாது. கரீம் பாட்சா உள்ளதைச் சொன்னார். மூக்கில் தேய்த்ததைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

"பாஸ்போர்ட்ல ஏதும் குறிச்சுட்டாங்களா?" என்றார் அபுதாஹிர்.

"இல்ல."

"கம்ப்யூட்டர்ல ஏத்தியிருப்பாங்க. நம்ம பேரே போதும், நிறுத்தி வச்சுக் கேக்குறதுக்கு." அபுதாஹிர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. தௌசீப்ப கம்பெனில வெளிநாடு அனுப்புற பேச்சு ஓடுது. நீங்க ரெண்டு பேரும் வேற ஃப்ளைட்ல வந்திருங்களேன். அங்க போயி சேந்துக்கலாம்."

கரீம் பாட்சா மகளைப் பார்த்தார். அவள் ஃபலூடாவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அதுவும் சரிதான் மாமா," என்றாள்.

கீழே இறங்கி ஆட்டோவுக்கு நிற்கும்போது பரீஹா வாயைத் திறந்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் தயாராக இருந்தார்.

"அங்க எதுக்கு வாப்பா சொன்னீங்க?"

"ஏட்டி, அவரு என்ன களவா செஞ்சாரு?" என்றாள் சாயிரா. "வேற ஃப்ளைட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நாங்க வரல. நீ போயிட்டு வா."

ஆட்டோ வந்தது. பரீஹா ஏறி உட்கார்ந்து போனை எடுத்தாள். சுன்னாபட்டி தாண்டும்வரை அதையே நோண்டிக்கொண்டு வந்தவள், தலை தூக்காமல் சொன்னாள்:

"கொஞ்ச நாளு வேலை செய்யாம இருந்தா ரேகை திரும்ப வருமாம். நெட்ல போட்டிருக்கான். பட்டறைக்குப் போகாம இருங்களேன் வாப்பா."

பட்டறைக்குப் போகாவிட்டால் உன் நிக்காஹை எவன் நடத்துவான் என்று தொண்டை வரை வந்தது.

"பாப்போம்," என்றார்.