காதால் வைத்த டைமிங்

மறுநாள் காலையிலிருந்து மறியல். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்டை மறிக்கப் போகிறார்கள், கள்ளக்குறிச்சியை விட்டு ஒரு வண்டியும் நகராது என்று ஊரெல்லாம் பேச்சு. மெக்கானிக் அரங்கநாதனின் ஒர்க்ஷாப்புக்குள் நர்ஸ் கிரேஸ் ஆத்திரத்தோடு நுழைந்தாள். கூடவே வந்த டிரைவர் டென்னிஸின் வலது கையில் மாவுக்கட்டு, புருவத்தில் நாலு தையல்.

கல்வராயன் மலையடிவாரத்தில் அவர்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு பழைய அம்பாசடர் உண்டு. இன்ஜினில் செயின் மாற்ற அதை அரங்கநாதனிடம் விட்டிருந்தார்கள். செயின் மாற்றினால் பிளக்கில் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, மறுபடி சரியாக வைக்க வேண்டும். முந்தின நாள் வண்டியை எடுத்துக் கிளம்பிய டென்னிஸ், ஊர் எல்லையில் போலீஸ் நின்ற இடத்தில் வேகத்தைக் குறைத்தான். சைலென்சர் டமார் என்று வெடித்தது. மறியலுக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த போலீஸ்காரர்கள் நாட்டு வெடி என்று நினைத்து, கதவைத் திறந்து அவனை இழுத்துப் போட்டு அடித்தார்கள். “வண்டி சத்தம்ங்க சார்” என்று அவன் கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை. கை உடைந்த பிறகுதான் ஒருவன் குனிந்து சைலென்சரைப் பார்த்தான்.

இன்று காலையில் கிரேஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். புகாரை வாங்கவில்லை. “வெடி வெச்சிருந்தான்னு இவன்மேலயே கேஸ் எழுதிடுவோம்” என்று மிரட்டி அனுப்பினார்கள்.

அரங்கநாதன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“டைமிங் சரியா வெச்சீங்களா?” என்றாள் கிரேஸ்.

“பெட்ரோல்ல கலப்படம் இருக்கும் சிஸ்டர். இருவது வருசமா காதால கேட்டே வெக்கிறேன். எவனும் இன்னான்னு கேட்டதில்ல.”

“பிளக்குக்குக் கரண்ட் லேட்டா வருதுணா. எரியாத பெட்ரோலு சைலென்சர்ல போய் வெடிக்குது” என்றான் டென்னிஸ். “இழுவ கம்மியா இருக்குன்னு நேத்தே சொன்னேன். ஓட ஓட சரியாப் பூடும்னீங்க.”

“நீ டிரைவரா மெக்கானிக்கா? போலீஸ் அடிச்சதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?”

ஊர் எல்லையிலிருந்து கட்டி இழுத்து வந்த வண்டி வாசலில்தான் நின்றது. கிரேஸ் பின்கதவைத் திறந்து டென்னிஸை உட்காரவைத்தாள். மறியலுக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டிய மருந்துப் பெட்டிகளை ஏற்றினாள். தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“சாவி வண்டியிலயே இருக்குது. நீங்களே ஓட்டுங்க. அதே ரோடு, அதே போலீசு.”

“நானா?”

“கோளாறு பெட்ரோல்லதான? வாங்க.”

அரங்கநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு பானெட்டைத் தூக்கினார். கருவிப் பெட்டியிலிருந்து இரண்டு ஒயர் வைத்த சின்ன பல்பு ஒன்றை எடுத்து மாட்டினார். ஹேண்டில் போட்டு இன்ஜினை மெல்லச் சுற்றினார். பல்பு எரிந்தால் பிளக்கில் பொறி விழும் நேரம் அது. இன்ஜினோடு சுற்றும் புல்லிச் சக்கரத்தில் இருந்த குறி, விரற்கடை தாண்டிப் போன பிறகுதான் எரிந்தது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை இம்மி இம்மியாகத் திருப்பி, குறிக்கு நேராகப் பல்பு எரியும்படி வைத்து, நட்டை இறுக்கினார். மறுபடி சுற்றிப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

கிரேஸ் இறங்கி வந்தாள்.

“இந்த பல்பு நேத்தும் இந்தப் பெட்டியிலதான இருந்துது?”

அரங்கநாதன் பல்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

“கால் மணி நேரம். அவனுக்காக அது உனக்குக் கெடைக்கல. உன் முதுகுன்னதும் கெடச்சிடுச்சு.”

வயதில் மூத்தவரை அவள் நீ என்றது அதுதான் முதல் தடவை.

போலீஸ் நின்ற இடத்தில் அரங்கநாதன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். அவர் கழுத்தில் வியர்வை ஓடியது. டென்னிஸ் கண்ணை மூடிக்கொண்டான். வண்டி சத்தமில்லாமல் ஊர்ந்தது. ஒரு போலீஸ்காரன் போ என்று கையை ஆட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் அரங்கநாதன் டென்னிஸிடம் வந்தார். “தப்புதாம்பா.”

“எங்கிட்ட சொல்லி இன்னாணா ஆவப்போவுது? எழுதிக் குடுங்க. வண்டி சத்தந்தான், வேலைய சரியா செய்யாதது நாந்தான்னு.”

கிரேஸ் தாளையும் பேனாவையும் நீட்டினாள். அரங்கநாதன் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஸ்டேஷனில் கொடுத்த அந்தத் தாளால் டென்னிஸ்மேல் கேஸ் வரவில்லை. கையை உடைத்தவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. கட்டுப் பிரித்த பிறகும் டென்னிஸின் சுண்டுவிரல் மடங்கவில்லை. கிரேஸ் மாதாமாதம் மேலதிகாரிகளுக்குப் புகார் எழுதினாள், ஒவ்வொன்றையும் முந்தினதைவிடக் காட்டமாக.