தலைவலி மாத்திரைக்கு ஒரு விளம்பரம்

தலைவலி மாத்திரை விளம்பரத்துக்கு அந்த டிசைனருக்கு ஒரு யோசனையும் வரவில்லை. "கற்பனை தானா வராதும்மா, நாமதான் வரவழைக்கணும்" என்றார் மேலாளர். டிசைனர்கள் எல்லாரையும் ஓர் அறையில் தரையில் உட்கார வைத்து, வாசனை மெழுகுவர்த்தி ஏற்றி, ஸ்பீக்கரில் கடல் அலையை அலறவிட்டார்.

மத்தியானத்துக்குள் அவளுக்கு மண்டை பிளந்தது. கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றை வாயில் போட்டாள். அந்த நேரம் பார்த்து, விளம்பரம் கேட்டிருந்த மாத்திரைக் கம்பெனி முதலாளியே உள்ளே வந்தார். அவள் கையில் இருந்தது போட்டிக் கம்பெனி அட்டை. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா, எங்க மாத்திரையப் போட மாட்டீங்களா?"

"போட்டுப் பாத்தேன் சார், கேக்கவே இல்ல." வாய் தவறி உண்மை வந்துவிட்டது. வேலை போச்சு என்றே நினைத்தாள்.

முதலாளி கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு குடும்மா. காலையிலேர்ந்து உயிர் போகுது."

விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நல்ல மாத்திரையா இருந்தா நான் ஏம்மா உங்ககிட்ட வரப்போறேன்?"

சாயங்காலமே அவள் விளம்பரத்தை முடித்துக் கொடுத்தாள். சிரித்த முகமாக ஒரு குடும்பம்; மாத்திரை வலியைப் போக்கும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போனது.