உட்கார்ந்தால் வேகும் பருப்பு

கான்பூர் கோவிந்த நகரில், அவஸ்தி வீட்டு மருமகள் ஊர்மிளா நின்றுகொண்டிருக்கும் வரை அந்த வீட்டுக் குக்கர் விசில் அடிக்காது. உட்கார்ந்தால் அடிக்கும். துவரம்பருப்பு விலை தாறுமாறாக ஏறிய ஒரு குளிர்காலத்தில் இது ஆரம்பித்தது. விலை அடுத்த அறுவடையில் இறங்கிவிட்டது. குக்கர் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. சந்தில் இருந்தவர்கள் அப்போது இரண்டையும் சேர்த்தேதான் அலுத்துக்கொண்டார்கள்.

ஊர்மிளா அந்த வீட்டுக்கு வாழ வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. விடியுமுன் குழாயடியில் நிற்பாள், பிறகு அடுப்படியில் நிற்பாள், துணி துவைக்கிற கல்லருகே நிற்பாள், மறுபடி அடுப்படி. பருப்பு இல்லாத வேளை அந்த வீட்டில் கிடையாது. மாமனார் ராம்ஸ்வரூப் அவஸ்திக்குப் பல் போய்விட்டதால், குழைய வெந்த பருப்பில் ரொட்டியை ஊறவைத்தால்தான் தொண்டையில் இறங்கும். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் மாமனார் எதிரில் மருமகள் உட்கார மாட்டாள், முகம் காட்ட மாட்டாள், பேசவும் மாட்டாள். பெரியவர் அடுப்படிப் பக்கம் வருமுன் ஒரு இருமல் இருமுவார். அவள் முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டு எழுந்து நிற்பாள். ஏதாவது வேண்டுமென்றால் மாமியாரிடம் சொல்வார். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவருக்குச் சொன்னது அவளுக்குக் கேட்டுவிடும். பெரியவர் பொல்லாதவர் என்று யாரும் சொன்னதில்லை. வழக்கம் அப்படி, அதைச் சுமந்தது அவள் கால்கள், அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலம் அவள் குழாயடியில் மயங்கி விழுந்தாள். லேடி டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை, தினமும் ஒரு கிண்ணம் பருப்பும் கீரையும் சூடாகச் சாப்பிட வேண்டும், கொஞ்சம் உட்கார வேண்டும், இப்படியே போனால் அடுத்த தடவை எழுந்திருக்க மாட்டாள் என்று சொன்னாள். ஊர்மிளாவுக்குச் சிரிப்புதான் வந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு பாத்திரத்தின் அடியில் ஆறிக் கிடக்கும் ஒரு கரண்டிதான் அவள் பங்கு. யாராவது விருந்தாளி வந்துவிட்டால் அதுவும் இல்லை. எங்கே போய்ச் சூடாகச் சாப்பிடுவது?

அதற்குப் பிறகு வந்த ஒரு காலையில் குக்கர் ஊமையானது. அடுப்பு எரிந்தபடி இருந்தது, உள்ளே தண்ணீர் வெதுவெதுப்புக்கூட ஆகவில்லை. ரப்பர் வளையத்தை மாற்றினார்கள், வெயிட்டை மாற்றினார்கள், புதுக் குக்கரே வாங்கினார்கள், மூடியில்லாத பாத்திரத்திலும் வைத்துப் பார்த்தார்கள். ரொட்டி சுட்டால் உப்பியது, டீ கொதித்தது, பருப்பு மட்டும் மசியவில்லை. தலை சுற்றி அவள் மாவு டின்மேல் உட்கார்ந்த நிமிஷம் குக்கர் ஒரு விசில் அடித்தது. அடுப்பைக் குறைக்க எழுந்தாள், ஆவி அடங்கியது. திறந்து பார்த்தால் பருப்பு கொட்டிய மாதிரியே கூழாங்கல்லாகக் கிடந்தது.

அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, சரி, உட்காரட்டுமே, இதில் என்ன இருக்கிறது என்றார்கள். இருந்தது. முற்றத்துக் கட்டிலில் கிடந்த பெரியவர் பசி பொறுக்காமல், விசில் வரப்போகிற நேரம் பார்த்து எழுந்து வந்து இருமுவார். இவள் நின்றுவிடுவாள். போயிற்று. அடுத்த வாசல் திவேதி வீட்டிலிருந்து வந்த பருப்பை அவர் தொடவில்லை. அடுத்தவர் சமையலறையில் வெந்ததை அவர் ஆயுளில் உண்டதில்லை. பாலில் ரொட்டியை நனைத்து விழுங்கி விழுங்கி அவர் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தார். அவளுக்கோ நகமெல்லாம் வெளுத்துப்போயிற்று. நீர்ப்பாசன அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவள் கணவன் கிருபாசங்கர் இருவருக்கும் நடுவே அலைந்து ஓய்ந்தான்.

"அப்பா, கொஞ்ச நாள் இருமாம இருங்களேன்."

"இருமாம எப்படிடா அடுப்படிப் பக்கம் போறது? நான் என்ன திருடனா?"

பெண்டாட்டியிடம் போய், அவர் இருமினால் இருமட்டும், நீ எழுந்திருக்காதே என்றான். அவள் சண்டைக்கெல்லாம் போகவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

"நானாங்க எழுந்திரிக்கிறேன்? காலு எழுந்திரிக்குது."

ஒரு மத்தியானம் அவன் அலுவலகத்தில் இருந்தான். பருப்பையும் பசலைக்கீரையையும் மஞ்சளும் உப்பும் போட்டு மூடி, அடுப்பைப் பற்றவைத்து, அவள் டின்மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். கண் தானாக மூடிக்கொண்டது. முந்தானை நழுவியது. வழக்கம்போலப் பெரியவர் வந்தார். இருமல் தொண்டை வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கல்யாணத்தன்று செந்தூரமும் பூவுமாக வாசற்படி தாண்டிய ஒரு சின்னப் பெண்தான் இத்தனை வருடமும் அந்த முந்தானைக்குள் இருக்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார். உள்ளே இருந்ததோ கன்னம் ஒட்டி, பாதி நரைத்த ஒரு பொம்பளை. இருமலை விழுங்கினார், கண்ணில் நீர் கட்டியது. நிழல் பட்டு அவள் விழித்தாள், கால்கள் தரையை ஊன்றின.

"உட்காரும்மா," என்றார். சுவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தே சொன்னார். "எனக்கு இருமலெல்லாம் விட்டுப்போச்சு. நீ உட்காரு."

அவள் பாதி எழுந்த நிலையில் நின்றாள். குக்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு அந்தக் கால்கள், என்னத்தைச் சொல்ல, ஓய்ந்துபோய்த்தான் இருந்தன, மெல்ல மடங்கின. விசில் வந்தது. எத்தனை விசில் விட வேண்டும், எனக்கு ஒன்றும் தெரியாதே என்று பெரியவர் கேட்டார். மூன்று என்றாள். அவள் குரலை அவர் அன்றுதான் கேட்டார். அடுப்புக் குமிழை எதிர்ப்பக்கம் திருப்பித் தீயை ஏற்றினார், பிறகு ஒருவழியாக அணைத்தார். ஆவி அடங்கக் காத்திருந்து மூடியைத் திறந்தார். நெய்யில் சீரகத்தைக் கரிய விட்டுக் கொட்டினார். கிண்ணத்தில் ஊற்றி, தான் பட்டினியாக நின்றுகொண்டு, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

ஊர்மிளா அழுதுகொண்டே சாப்பிட்டாள். கசந்தது, சுட்டது. கிண்ணம் காலியானதும் உட்கார்ந்தபடியே நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க பாபுஜி."

அவர் ஊற்றினார். அவள் போதும் என்ற பிறகுதான் தனக்கு எடுத்துக்கொண்டார். சாகும் வரை மத்தியானப் பருப்பு அவர் கையால்தான், சீரகம் கரியாமல் தாளிக்க அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அவள் நகங்களில் மெல்ல நிறம் ஏறியது. அடுத்த மழைக்காலத்துக்குள் திவேதி வீட்டிலும், எதிர்ச்சாரியில் சில வீடுகளிலும் குக்கர்கள் இதே போல் அடம்பிடிக்கத் தொடங்கின. ஆளுக்கொரு முக்காலி வாங்கிப் போட்டார்கள். இப்போது அந்தச் சந்தில் எங்கிருந்தாவது விசில் சத்தம் வந்தால், பருப்பு வெந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. யாரோ உட்கார்ந்திருக்கிறாள் என்கிறார்கள்.