வட்டப் பள்ளம்

2003-இல் தலைக்காயங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர் மங்கையர்க்கரசி, அரியலூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் இறந்துபோன கூலியாள் ஒருவரைப் பிரேதப் பரிசோதனை செய்கையில் மண்டையோட்டைப் பார்த்துத் திடுக்கிட்டாள். மேலிருந்து விழும் கல் எலும்பைக் கோணல்மாணலாக நொறுக்கும். இங்கேயோ ரூபாய்க் காசளவில் வட்டமாக ஒரு பள்ளம். சுத்தியலால் அடித்தால்தான் இப்படிப் பதியும். அதே குவாரியிலிருந்து முன்பு பிணமாக வந்த இரண்டு பேருக்கும் இதே காயம். அந்த இரண்டையும் விபத்து என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

மூன்று உடல்களையும் கொண்டுவந்த குவாரி மேஸ்திரி கொளஞ்சிநாதன் வாசலில் நின்றார்.

"போன தடவ மாதிரியே எழுதிடுவீங்கல்ல டாக்டரம்மா?"

"பார்த்ததத்தான் எழுத முடியும்ங்க."

"ஒங்க வூட்டுக்காரரு குன்னத்துல வாத்தியாரு தானே? நல்ல மனுசன்," என்றார் அவர், சிரித்தபடி.

மிரட்டுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் சுத்தியல் அடி என்றே எழுதினாள். முந்தைய இரண்டிலும் தான் தவறிவிட்டதாக இன்ஸ்பெக்டருக்குத் தனிக் கடிதமும் எழுதிவிட்டு நிமிர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே கொளஞ்சிநாதன் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.