ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

சலவைக்கூடத்தில் இரண்டு பேர் சேர்ந்து மடிக்கும் வேலை அது. படுக்கை விரிப்பின் இரு முனைகளை அவள் பிடிப்பாள். எதிர்ப்பக்கத்து முனைகள், உயரத்தால் எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் கூட்டாளியின் கையில். ஒரே நேரத்தில் உதறி, ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்து இழுத்தால்தான் சுருக்கம் போகும். ஒருத்தி பிடியை விட்டால் மற்றவள் மல்லாக்க விழ வேண்டியதுதான்.

காலையில் அவளுக்கு விரல்கள் மடங்குவதில்லை. அதனால் விரிப்பின் முனைகளை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வாள். நெட்டை இழுக்கும்போது வீங்கிய மூட்டில் சுரீரென்று ஏறும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

"மெதுவா இழுக்கட்டுமாக்கா?"

"மெதுவா இழுத்தா சுருக்கம் நிக்கும். அப்புறம் சூப்பர்வைசர் நம்ம ரெண்டு பேரையும் சேத்து மடிச்சு வச்சிருவாரு."

நெட்டை சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மாத்திரைய ஆரம்பிச்சியாக்கா?" என்றாள்.

அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள்.

மாத்திரை சமையலறை அலமாரியில் தொடப்படாமல் கிடந்தது. வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டும். முடக்குவாதத்தை அடக்கும். ஆனால் ஈரலைப் பாதிக்கலாம், அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவள் கணவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவன். அவனுடைய அண்ணன் ஈரல் கெட்டுச் செத்தவன்.

"அவனாவது குடிச்சான். நீ குடிக்காமலே சாகணுமா?"

"கடையில வாங்கித் தினமும் வலி மாத்திரை முழுங்கினேனே, அப்ப கேக்கலையே நீங்க?"

"அது சும்மா வலி மாத்திரை."

"அந்தச் சும்மா மாத்திரைதான் வயித்தப் புண்ணாக்கி வச்சிருக்காம். மூட்டு ஒருதரம் கோணிப்போச்சுன்னா திரும்பாதுங்கறாங்க."

அவன் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் எழுந்து போய் மாத்திரை அட்டையை எடுத்துவந்தாள். பிதுக்கிப் பார்த்தாள். கட்டைவிரலில் வலு இல்லை. மேசை விளிம்பில் வைத்து அழுத்தினாள். அட்டை நழுவிக் கீழே விழுந்தது.

அவன் அவளுடைய கட்டைவிரலைப் பார்த்தான். பிறகு குனிந்து எடுத்தான். ஒரு மாத்திரையைப் பிதுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"ரத்தம் பாக்க நானும் வருவேன்" என்றான்.

முதல் சில வாரங்கள், மாத்திரை போட்ட மறுநாள் குமட்டியது. சீப்பில் முடி கூடுதலாக வந்தது. விரல்கள் அப்படியே இருந்தன. ஒருநாள் காலையில் முகம் கழுவிவிட்டுக் குழாயை மூடியபோதுதான், அதை ஒற்றைக் கையால் மூடியிருப்பது அவளுக்கே உறைத்தது.

"ஈரல் நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து. "ஆனா பரிசோதனைய மட்டும் விடக் கூடாது."

"நல்லான்னா... எவ்வளவு நல்லா?" என்று கேட்டான் அவன்.

"நீங்க இப்படியே கவலைப்பட்டுட்டிருந்தா, உங்க ஈரலவிட இவங்களது நல்லா இருக்கும்."

வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தான்.

"என்ன வெயில்" என்றான்.

படிக்கட்டில் வெயில் இல்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் விரிப்பின் முனைகளை அவள் மணிக்கட்டில் சுற்றவில்லை. கைக்குள் வைத்து இறுக்கினாள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு இழுப்பு. நெட்டை தடுமாறி விரிப்போடு அவள்மேல் வந்து விழுந்தாள்.

"அடிப்பாவி அக்கா! ஆளக் கொல்லப் பாத்தியே!"

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வந்தார். அவள் கையைப் பார்த்தார்.

"கை சரியாயிடுச்சு போல?"

"ஆயிடுச்சு சார்." அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லது" என்றார். அவருக்கும் உண்மையிலேயே சந்தோஷம்தான்.

அவர் நடந்து போய், மடிக்காத விரிப்புகள் குவிந்த இன்னொரு தள்ளுவண்டியை உருட்டிவந்து, அவர்களுடைய வண்டியோடு ஒட்டி நிறுத்தினார். குவியலுக்கு அப்பால் நெட்டையின் நெற்றி மட்டும் தெரிந்தது.