கிள்ளான் அறையின் இரண்டாவது கதவு

கிள்ளானில் மெஹ்ரின் தன் வீட்டுக்குப் பின்னால் கட்டிய புது அறையின் இரண்டாவது கதவு, ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் செந்தூலில் லோகேஸ்வரியின் ஐந்தாவது மாடி வீட்டில், ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் திறந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் அதுவரை காற்றும், கீழே கார் நிறுத்துமிடமும்தான் இருந்தன. அறைக்குப் படம் வரைந்தவள் லோகேஸ்வரி. அவள் வரைந்தது ஒரே கதவு.

பங்சாரில் ஒரு கட்டட அலுவலகத்தில் கணினியில் படம் வரைந்துகொண்டிருந்தவள் அவள். அலுவலகத்தை மூடிவிட்ட பிறகு, வீட்டிலிருந்தே வரைந்து பிழைக்கலாம் என்று இணையத்தில் வேலை தேடினாள். ஒருவர் மாதிரிக்கு ஒரு படம் இலவசமாக வரையச் சொன்னார். வாங்கிக்கொண்டு காணாமல் போனார். மற்றவர்கள், முன்பு வேலை கொடுத்தவர்கள் அவளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார்கள். யாரும் எழுதியிருக்கவில்லை, ஏனென்றால் யாரும் வேலை கொடுத்திருக்கவில்லை. “பேசாம ஏதாவது கடையில சேர்ந்துடு லா” என்று கணவன் யுகேந்திரன் சொல்லத் தொடங்கியிருந்த சமயத்தில்தான் மெஹ்ரினின் செய்தி வந்தது. அவள் கணவர் ரபீக் மோட்டார் விபத்தில் இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தார். மாடி ஏற முடியாது. கீழே ஓர் அறை வேண்டும். லோகேஸ்வரி கூடுதல் கவனமாக வரைந்தனுப்பினாள்.

கொத்தனார் அறையை முடித்த மறுநாள் காலை, லோகேஸ்வரி தன் வீட்டுச் சுவரில் முளைத்திருந்த கதவைத் திறந்தபோது, ரபீக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“அக்கா, நீங்க நர்ஸா?”

“இல்ல… நான்தான் இந்த ரூம வரைஞ்சேன்.”

“அப்படியா? ஜன்னல் நல்லா இருக்கு.”

ஜன்னலுக்கு வெளியே கிள்ளானில் மழை. அவள் முதுகுக்குப் பின்னால் செந்தூலில் சுள்ளென்று வெயில்.

அன்று மதியமே மெஹ்ரின் தொலைபேசியில் பிடித்தாள். “என்னக்கா இது, ஒரு ரூம்தானே கேட்டேன்? உங்க சமையலறையும் சேர்ந்து வந்திருக்கு! சரி பண்ணிக் கொடுங்க. இல்லன்னா உள்ளத உள்ளபடி எழுதிடுவேன்.”

தன்னைப் பற்றி உலகம் எழுதப்போகும் முதல் வரியே இப்படியா என்று லோகேஸ்வரி பதறினாள். படத்தைத் திறந்து ஒவ்வொரு கோடாகத் தேடினாள். அளவு சரி, சுவர் சரி, கதவு ஒன்றுதான். இல்லாத ஒன்றை எப்படி அழிப்பது? படத்தைப் புதிதாகவே வரைந்தனுப்பினாள். கொத்தனார் அந்தப் பக்கம் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார். ஈரம் காய்வதற்குள் கதவு பூச்சுக்கு மேலே வந்து நின்றது. தப்பு கையிலா, கண்ணிலா, கணினியிலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்த யுகேந்திரனுக்கோ குழப்பமே இல்லை. காலையில் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, தூங்கும் ரபீக்கின் கட்டிலைச் சுற்றி நடந்து, மறுபக்கம் போய்விட்டான். கொமுட்டர் ரயிலில் இடிபடத் தேவையில்லை என்றான். மெஹ்ரின் அறிந்ததும், அறையிலிருந்து தன் வீட்டுப் பக்கம் போகும் முதல் கதவுக்கு வெளியே பூட்டுப் போட்டாள்.

ஒரு நாள் மெஹ்ரின் வேலைக்குப் போயிருந்தபோது, சுவருக்கு அப்பால் எதுவோ தொப்பென்று விழுந்தது. லோகேஸ்வரி கரண்டியோடு உள்ளே ஓடினாள். ரபீக் தரையில் கிடந்தார். எழுப்பப் பார்த்தாள், முடியவில்லை. தலைக்குத் தலையணை வைத்து, ஆம்புலன்சுக்குச் சொல்லி, கிள்ளான் விலாசத்தை அவர் வாயால் கேட்டுச் சொன்னாள். பூட்டை உடைத்து ஆட்கள் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். செந்தூலில் அடுப்பில் குழம்பு தீய்ந்தது.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் ரபீக் மனைவியிடம் ஒன்றுதான் கேட்டார். “அந்தக் கதவு இருக்கட்டும், மெஹ்ரின்.”

மெஹ்ரின் புதுப் பூட்டு வாங்கவில்லை. இணையத்தில், வேலை சுத்தம், கூப்பிட்டால் உடனே வருவார் என்று எழுதினாள். அதைப் படித்துப் பலர் வந்தார்கள். லோகேஸ்வரியின் வரவேற்பறையில் இப்போது சுவரை விடக் கதவு அதிகம். எது ஏன் திறக்கிறது என்று இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை. போன வாரம் பூச்சோங்கிலிருந்து விமலன் என்பவர் கடைக்குப் படம் கேட்டு அழைத்தார். அவள் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

“பரவால்ல லா அக்கா. கதவு எந்தப் பக்கமா திறக்கும்னு மட்டும் சொல்லிடுங்க, அங்க அலமாரி வைக்காம இருக்கேன்.”